காதுள்ள பயணி – 17: மணி அடித்த பிறகு முக்கால் நிமிஷம்

மாலை 5 மணிக்கு ஜப்பானிய ஊர்களில் ஒலிபெருக்கி பாடுவதையும், அது பேரிடர் ஒலிபெருக்கி உயிரோடிருக்கிறதா என்று பார்க்கிற அன்றாடச் சோதனை என்பதையும் போன வாரம் சொல்லியாயிற்று. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளவும். இந்த வாரம் கெளுத்தி மீனைப் பற்றி எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். நாளைக் காலைக்குள் கட்டுரை வந்தாக வேண்டும் என்கிறார் ஆசிரியர். நானோ மூன்று நாளாக ஒரு மணியோசையின் பின்னால் அலைந்துகொண்டிருக்கிறேன். கெளுத்தி கொஞ்சம் பொறுக்கட்டும்.

டோக்கியோவில் ஆசகுசா பக்கம் ஒரு சந்து. எட்டுப் பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் சோபா கடை. (உட்காருகிற சோபா அல்ல, மரக்கோதுமை மாவில் செய்யும் நூடுல்ஸ். அங்கே உட்காரக் கிடைத்தது முக்காலிதான்.) கூட வந்தவர் நிஷிகசாயில் குடியிருக்கும் பாளையங்கோட்டைக்காரர். கல்லாவுக்கு மேலே தொலைக்காட்சியில் என்ஹெச்கே ஓடிக்கொண்டிருந்தது. கிண்ணம் வந்து, முதல் வாய் எடுத்திருப்பேன். தொலைக்காட்சியிலிருந்து ஒரு மணி. ஐந்து சுரங்கள் மளமளவென்று படியேறின. உடனே மறுபடி அதே ஐந்து, அரைச் சுரம் மேலே. திரையில் ஜப்பானின் வடகிழக்குக் கரை வரைபடமாக விரிந்தது. ஒரு குரல் பதற்றமில்லாமல் ஏதோ சொன்னது.

கடைக்காரப் பெரியவர் திரையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கை தன்பாட்டில் அடுப்பை அணைத்தது. கொதித்த பானைக்கு மூடி போட்டார். அப்படியே நின்றார்.

“ஃபுகுஷிமா பக்கம் கடல்ல அண்ணாச்சி. நமக்கு வர இன்னும் நேரமிருக்கு” என்றார் நண்பர், பேருந்து வருவதைச் சொல்வதுபோல.

அந்த நேரம்தான் எனக்குப் புதிது. நிலநடுக்கம் என்றால் சொல்லாமல் கொள்ளாமல் வருவது என்றே நினைத்திருந்தேன். 2001 செப்டம்பர் 25 இரவு சென்னை ஆடியபோது அடுக்களையில் பாத்திரம் உருண்டது. பூனை என்று அதட்டிவிட்டு உட்கார்ந்திருந்தோம். தெருவில் சத்தம் கேட்ட பிறகுதான் இறங்கி ஓடினோம். ஆட்டம் நின்று நெடுநேரம் கழித்தும் தெருவிலேயே நின்று கதை பேசினோம். இங்கே ஆட்டத்துக்கு முன்னால் எட்டுப் பேர் சாப்பாட்டுக் குச்சியைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். நான் மனசுக்குள் எண்ணினேன். நாற்பதைத் தாண்டியபோது காகித விளக்கு மெல்ல அசைந்தது. பிறகு குச்சிகள் செருகியிருந்த குவளை கடகடத்தது. முக்காலிக்கு அடியில் யாரோ கட்டை வண்டி ஓட்டுவதுபோல் இருந்தது. பத்துப் பன்னிரண்டு விநாடி. முடிந்தது.

“மூணுதான் அண்ணாச்சி. சாப்பிடுங்க.”

மூணு என்றது ரிக்டர் அல்ல. அங்கே ‘ஷிந்தோ’ என்று ஒரு கணக்கு. அதிர்ச்சி பிறந்த இடத்தில் எவ்வளவு பெரியது என்று அது சொல்லாது. நீ நிற்கிற இடம் எவ்வளவு ஆடியது என்று சொல்லும். கோயில் திருவிழாவில் போடுகிற அதிர்வேட்டு ஒன்றுதான். சன்னதித் தெருவில் ஜன்னல் அதிரும், அடுத்த ஊரில் மாடு காதை ஆட்டும். ஷிந்தோ சுழியத்திலிருந்து 7 வரை போகும். இடையில் 5-க்கும் 6-க்கும் கீழ், மேல் என்று இரண்டிரண்டு, ஆக 10 படி. நம் பத்திரிகைகள் எந்த நிலநடுக்கத்துக்கும் ‘ரிக்டர் அளவுகோலில்’ என்று எழுதி முடித்துக்கொள்வது எனக்கு நெடுநாள் எரிச்சல். அது இன்னொரு நாளைக்கு.

மணிக்குப் பின்னால் இருக்கிற சூட்சுமம் எளிது. பூமிக்குள்ளிருந்து இரண்டு விதமான அலை கிளம்புகிறது. முதலாவது விநாடிக்கு ஆறேழு கிலோமீட்டர் ஓடும். அதிகம் சேதம் செய்யாது. உலுக்குகிற இரண்டாவது, விநாடிக்கு நாலு கிலோமீட்டர்தான். முன்னோடி கரையோரக் கருவியைத் தொட்டதுமே கணினி கணக்குப் போட்டு எச்சரிக்கையை அனுப்பிவிடுகிறது. வானொலி அலையோடு பூமி அலை போட்டி போட முடியுமா? ஃபுகுஷிமா கடலிலிருந்து டோக்கியோ இருநூறு கிலோமீட்டருக்கு மேல். அதனால்தான் எனக்கு முக்கால் நிமிஷம் கிடைத்தது. நடுக்கம் காலடியிலேயே பிறந்தால் மணியும் ஆட்டமும் சேர்ந்தே வரும். சமயத்தில் ஆட்டம் முந்திக்கொள்ளும். 2007 அக்டோபர் 1 முதல் இந்த எச்சரிக்கை பொதுமக்களுக்கு வருகிறது.

இனி, என்னைத் தூங்கவிடாத விஷயம். அந்த ஐந்து சுரத்தைச் செய்தவர் யார்?

தோரு இஃபுகுபே என்ற பேராசிரியர். சங்கீதக்காரர் அல்ல, காது கேளாதவர்களுக்கான கருவிகளில் ஆயுளைச் செலவிட்ட பொறியாளர். சத்தம் உசுப்ப வேண்டும், ஆனால் பீதியில் உறையவைக்கக் கூடாது. வேறெந்த மணியோடும் குழம்பக் கூடாது. செவித்திறன் குறைந்தவர்களுக்கும் எட்ட வேண்டும். சங்கு ஊதுவது சுலபம், இது சுலபமில்லை. அவர் தேடிப் போனது தன் சிற்றப்பாவின் சிம்பொனி ஒன்றை. அதன் மூன்றாம் பகுதியில் வருகிற ஒரு சுரக்கூட்டை எடுத்து, வேகமாகப் பிரித்துப் படியேற்றினார்.

சிற்றப்பா அகிரா இஃபுகுபே. காட்சில்லா படத்துக்கு இசையமைத்தவர்!

வனத்துறையில் வேலை பார்த்துக்கொண்டே தானாக இசை கற்றவர் அவர். காட்சில்லாவின் உறுமல் எந்த விலங்கின் குரலும் அல்ல. பெரிய டபுள் பேஸ் வாத்தியத்தின் தந்திகளைத் தளர்த்தி, பிசின் பூசிய தோல் கையுறையால் தேய்த்து எடுத்தது. இதைப் படித்த அன்று வீட்டில் தோல் கையுறை தேடினேன். அடுப்புக்குப் பயன்படுத்தும் துணியுறைதான் அகப்பட்டது. பக்கத்து வீட்டுப் பையனின் கிடாருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்தப் படம் வெளிவந்தது 1954. அந்தச் சிம்பொனி பிறந்ததும் அதே 1954. பெயர் ‘சின்ஃபோனியா தப்காரா’. தப்காரா, ஜப்பானின் பூர்வகுடிகளான ஐனு மக்களின் சொல். அகிரா சிறுவனாக இருந்தபோது அப்பா ஹொக்கைடோவில் ஒரு கிராமத் தலைவர். அங்கே ஐனுக்கள் ஏராளம். அவர்களுடைய பெரியவர்கள் எழுந்து நின்று, காலால் தரையை மிதித்து மிதித்து ஆடுகிற ஆட்டம்தான் தப்காரா.

நிலம் ஆடப்போகிறது என்று ஒரு நாட்டுக்கே சொல்லும் மணி, நிலத்தை மிதித்து ஆடும் ஆட்டத்தின் பெயர் கொண்ட பாட்டிலிருந்து வந்திருக்கிறது. பேராசிரியர் இதை யோசித்துச் செய்தாரா, தற்செயலா என்று நண்பருக்கு நள்ளிரவில் செய்தி அனுப்பினேன். அங்கே விடிகாலை மூன்றரை. “அண்ணாச்சி, உங்க செய்திச் சத்தம் அந்த மணியவிட மோசம்” என்று பதில் வந்தது.

அகிரா 2006 பிப்ரவரியில் காலமானார். தன் சுரங்கள் சோபா கடையில் ஒலிப்பதை அவர் கேட்கவில்லை.

அடுப்பை அணைத்த அந்தக் கைக்கும் ஒரு கதை உண்டு. 1923 செப்டம்பர் 1, பகல் 11:58-க்கு டோக்கியோவைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. ஊரெல்லாம் மதியச் சமையல் ஏறியிருந்த நேரம். நடுக்கம் கொன்றதைவிட அடுப்புத் தீ கொன்றது அதிகம்; மாண்டவர்கள் சுமார் 1,05,000 பேர். இன்றைய எரிவாயு மீட்டர்கள் பலமாக ஆடினால் தாமே அடைத்துக்கொள்கின்றன. அடுப்பைத் தேடி ஓடாதே, முதலில் உன்னைக் காத்துக்கொள் என்றுதான் இப்போது சொல்லித்தருகிறார்கள். பெரியவரின் கைக்கு அது தெரியாது. ஆட்டம் நின்றதும் அடுப்பைப் பற்றவைத்தார், மூடியைத் திறந்தார், என் கிண்ணத்தைப் பார்த்து ஆறிவிட்டதா என்று சைகையில் கேட்டார்.

ஆறித்தான் இருந்தது. இன்னொரு கரண்டி சூடான ரசம் ஊற்றினார். அதற்குக் காசு வாங்கவில்லை.

கெளுத்தி அடுத்த வாரம். 1855-இல் எடோ நகரம் (இன்றைய டோக்கியோதான்) குலுங்கியதும் ஓவியர்கள் நூற்றுக்கணக்கில் வரைந்து தள்ளிய, நிலத்தடியில் வால் ஆட்டும் அந்தக் கெளுத்தியேதான். இம்முறை நிச்சயம்.