குண்டு எறிஞ்சா ஈர்ப்பு மாட்டிக்கும்

புதுச்சேரியில சாயங்காலம் மண் தரையில இரும்பு குண்டு எறிஞ்சு விளையாடுறவங்களைப் பார்த்திருக்கீங்களா? அதுதான் பெத்தாங்க். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெற்கு பிரான்ஸில் பிறந்த ஆட்டம். 1954-ல் பிரெஞ்சு நிர்வாகம் கிளம்பிடுச்சு, ஆட்டம் இங்கேயே தங்கிடுச்சு.

ஒரு வட்டத்துக்குள்ள ரெண்டு காலையும் ஊன்றி நின்னு, 6 முதல் 10 மீட்டர் தள்ளி இருக்கிற சின்ன மரக்குண்டுக்குக் கிட்டத்துல நம்ம குண்டைப் போடணும். எடை 650-லிருந்து 800 கிராம். இந்தக் கனத்துக்குக் காற்றுத் தடையை மறந்துடலாம். பாடப்புத்தகத்துல வர்ற பரவளையம் அப்படியே பொருந்தும்.

8 மீட்டர்ல விழணும்னு வைப்போம். கை உயரத்தையும் இப்போதைக்கு விட்டுடுவோம். 45 டிகிரியில எறிஞ்சா விநாடிக்கு 8.9 மீட்டர் வேகம் போதும், 2 மீட்டர் உயரம் போய் இறங்கும். 60 டிகிரின்னா 9.5 வேணும், உயரமும் மூன்றரை மீட்டர். எதுக்கு இந்த வீண் உழைப்பு? முன்னோக்கிய வேகம் 6.3-லிருந்து 4.8 ஆகக் குறையுதே! குண்டு நெட்டா விழும், அதிகம் உருளாது. மேடுபள்ளமான தரையில அனுபவசாலிகள் உயர எறியுறது இதுக்குத்தான். ஃபார்முலா எழுதாமலே கையில வந்த கணக்கு.

இப்போ அதே ஆட்டக்காரரை விண்வெளிக்கு அனுப்புவோம். 100 மீட்டர் ஆரமுள்ள ராட்சதச் சக்கரம், 20 விநாடிக்கு ஒரு சுற்று. மனுஷங்க தங்கி வாழ இப்படி ஒண்ணை யாரும் இன்னும் கட்டல. ஆனா கட்டினா, விளிம்பின் உட்புறத்துல அசையாம நிக்கிறவருக்கு பூமியில இருக்கிற அதே எடை இருக்கும். வித்தியாசமே தெரியாது.

குண்டை எறியட்டும், அப்போ தெரியும். அதே 45 டிகிரி, அதே வேகம். சக்கரம் சுழலும் திசையில எறிஞ்சா 6 மீட்டர்லயே விழுந்துடும். எதிர்த்திசையில எறிஞ்சா கிட்டத்தட்ட 10 மீட்டர்!

ஏன்னா, கையை விட்டதும் குண்டை இழுக்க அங்கே எதுவும் இல்லை. அது நேர்கோட்டில் போகுது, வளைஞ்ச தரைதான் வந்து முட்டுது. தரையோட வேகம் விநாடிக்கு 31 மீட்டர். சுழலும் திசையில அது நம்ம எறியோட சேரும், 0.9 விநாடியில மோதல். எதிர்த்திசையில கழியும், 1.9 விநாடி ஆகும். பூமியில எந்தப் பக்கம் எறிஞ்சாலும் 1.3 தான்.

கிரிக்கெட் பந்தை எதிர்த்திசையில கிடைமட்டமா அதே 31 மீட்டர் வேகத்துல போட்டா? மீடியம் பேஸ் பவுலருக்கு சாதாரண வேகம்தான். ரெண்டு வேகமும் கழிஞ்சு பந்து அந்தரத்துல அப்படியே நிக்கும், சக்கரம் மட்டும் சுத்தும். காற்று குறுக்கிடலைன்னா, 20 விநாடி கழிச்சு பவுலரோட முதுகுல வந்து அடிக்கும்.