தொப்புள்கொடி ரத்தமும் ஒரு கணக்கும்

1988ஆம் ஆண்டு அக்டோபரில், பாரிஸ் நகரத்து ஸான் லூயி ஆஸ்பத்திரியில், எலியான் குளுக்மன் என்ற வைத்திய நிபுணர், ஃபான்கோனி ரத்தசோகை என்னும் பரம்பரை வியாதியால் பீடிக்கப்பட்டிருந்த ஓர் அமெரிக்கச் சிறுவனுக்கு, அவனுடைய தங்கை பிறந்தபோது தொப்புள்கொடியிலிருந்து சேகரித்து உறைய வைத்திருந்த ரத்தத்தைச் செலுத்தினார். பிரசவ அறையில் நஞ்சுக்கொடியோடு எறியப்பட்டு வந்த அந்த வஸ்துவை நம்பி ஒரு சிறுவனின் பிராணனைப் பணயம் வைப்பதற்கு முன், ஸ்டெம் செல் என்று இன்று எல்லோரும் சொல்கிற மூல உயிரணுக்கள் அதில் போதுமான அளவு இருக்கின்றனவா என்பது தெரியவேண்டியிருந்தது. அந்தக் கணக்கைப் பார்த்தவர் இந்தியானா சர்வகலாசாலையின் ஹால் பிராக்ஸ்மயர்.

கணக்கு என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எண்ணவேண்டிய பொருளோ, மைக்ராஸ்கோப்பின் கீழும் தன்னை இன்னதென்று காட்டிக்கொள்ளாமல், சாதாரண வெள்ளணுக்களின் கூட்டத்தில் கலந்து மறைந்துவிடுகிறது. ஆகவே, உட்கரு உள்ள அணுக்கள் எல்லாவற்றையும் யந்திரத்தால் எண்ணிவிடுவதே முதல் வழியாயிற்று. நோயாளியின் எடையில் கிலோ ஒன்றுக்கு 2.5 கோடி அணுக்களாவது வேண்டும் என்பது வைத்தியர்கள் பலர் கைக்கொள்ளும் அளவு. 10 கிலோ குழந்தைக்கு 25 கோடி போதும்; 60 கிலோ மனிதருக்கோ 150 கோடி வேண்டும். ஒரு பிரசவத்தில் கிடைக்கும் ரத்தம் பெரும்பாலும் 100 மில்லிலிட்டருக்குள் அடங்கிவிடுவதால், இந்தச் சிகிச்சை முதலில் குழந்தைகளுக்கே அதிகமாகப் பயன்பட்டது. தவிரவும், பிறந்த குழந்தையின் ரத்தத்தில் உட்கரு நீங்காத இளம் சிவப்பணுக்களும் திரிவதால், அவையும் இந்தத் தொகையில் புகுந்து அதைப் பெருக்கிக் காட்டும்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் கர்ட் சிவின் 1984இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இதைவிட நுட்பமான வழியைத் திறந்தது. மூல உயிரணுவின் மேற்பரப்பில் சிடி34 என்ற புரதம் உண்டு. அதைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளில் ஒளிரும் சாயத்தைச் சேர்த்து, அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியின் முன்னே ஓடவிட்டால், ஒளிர்பவற்றை யந்திரம் எண்ணிச் சொல்லும். உட்கருவுள்ள அணுக்களில் இவை பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவே. அந்தச் சொற்பத்திலும் ஆயுள் முழுவதும் ரத்தத்தை உற்பத்தி செய்யவல்ல அசல் மூல உயிரணுக்கள் மிகச் சில. புகையைக் கண்டு நெருப்பை அனுமானிப்பதுதான் இங்கும் நடக்கிறது.

செத்த அணுவும் சிடி34 முத்திரையோடு கிடக்கலாமாதலால், இறந்தவற்றினுள் மட்டும் புகும் சாயம் ஒன்றையும் கூடவே சேர்க்கிறார்கள். உயிருக்கு உயிரே சாட்சி சொல்லட்டும் என்பவர்கள், அணுக்களைக் கூழ் போன்ற ஊடகத்தில் விதைத்து, சுமார் 14 நாட்கள் காத்திருந்து, முளைத்த கூட்டங்களை எண்ணுகிறார்கள். மெதுவான வேலை, எண்ணுகிறவரின் கண்ணுக்குக் கண் வித்தியாசமும் வரும். ஆயினும் வளர்ந்து காட்டியதை எண்ணும் இம்முறையிடத்தில் எனக்கு மரியாதை அதிகம்.

திரவ நைட்ரஜனில், பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரிக் குளிரில் வருஷக்கணக்கில் கிடந்த பையை உருக்கும்போது ஒரு பகுதி அணுக்கள் மடிவதால், சேகரித்த நாளின் எண்ணிக்கை உபயோகிக்கும் நாளுக்குப் பொருந்தாது. இதற்காகவே, பையோடு ஒட்டிய சிறு குழாய்த்துண்டு ஒன்றைத் தனியே உருக்கி முன்கூட்டிப் பரீட்சிக்கிறார்கள். வயது வந்தவர்களுக்கு ஒரு பை போதாதபோது இரண்டு குழந்தைகளின் ரத்தத்தைச் சேர்த்துக் கொடுக்கும் வழக்கமும் ஏற்பட்டது. அப்போது பெரும்பாலும் ஒன்றே நிலைத்து மற்றது மறைந்துவிடுகிறது, ஆனால் நிலைக்கப்போவது எது என்பதை எண்ணிக்கையை மட்டும் கொண்டு நிச்சயமாகச் சொல்ல முடிவதில்லை.