காட்டெருது வழிமறிக்கும் நாடு

அமெரிக்கா என்றதும் வானளாவிய மாடங்களும் வாகன நெரிசலுமே நம்மிற் பலருடைய நினைவில் எழுகின்றன. ஆயின், அந்நாட்டின் மேற்கே, றொக்கி மலைத்தொடரின் மடியில், விலங்குகளே வீட்டுக்குரியவையாகவும் மனிதன் விருந்தினனாகவும் இருக்கும் பெருநிலம் ஒன்றுண்டு. உயர்கல்வியின் பொருட்டோ உறவினரைக் காண்பதற்கோ அமெரிக்கா செல்லும் நம்மவர், ஒரு வார ஓய்வு கிடைக்குமாயின் அந்நிலத்தினூடே மோட்டார் வண்டியிற் சென்றுவருதல் இயலும். எவ்வழியே செல்வது, எதனைக் காண்பது, எவ்வாறு நடந்துகொள்வது என்பவற்றை இங்கு நோக்குவோம். செல்லும் வாய்ப்பில்லாத மாணவர்கள் தேசப்படத்தை விரித்துவைத்து விரலாற் பயணஞ் செய்யலாம்.

இப்பயணத்தின் நடுநாயகமாக விளங்குவது யெலோஸ்ரோன் தேசியப் பூங்கா. 1872 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 1 ஆந் திகதி சனாதிபதி யுலிசிஸ் கிரான்ற் ஒப்பமிட்ட சட்டத்தினால் அது தோன்றிற்று. உலகின் முதலாவது தேசியப் பூங்கா என்ற பெருமை அதற்கே உரியது. பூங்கா என்ற சொல்லைக் கேட்டு மலர்ப்பாத்திகளைக் கற்பனை செய்தல் வேண்டாம். அதன் பரப்பு 3,472 சதுர மைல். நமது இலங்கைத் தீவில் ஏறக்குறைய ஏழிலொரு பங்கு! பெரும்பகுதி வயோமிங் மாநிலத்திலும், ஓரங்கள் மொன்ரானா, ஐடஹோ மாநிலங்களிலும் அமைந்துள்ளன. அது ஆளில்லாத வெறுநிலமாய் இருந்ததென எண்ணுதலும் தவறு. ஷொஷோனி, குரோ முதலிய ஆதிகுடியினரின் முன்னோர் பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கு வேட்டையாடியும் வாழ்ந்தும் வந்தனர்.

முதலில் முடிவு செய்யவேண்டியது பருவம். நவம்பர் முதல் ஏப்பிரல் வரை பனி மூடுவதால், வடக்கு வாயிலிலிருந்து வடகிழக்கு வாயிலுக்குச் செல்லும் வீதி தவிர ஏனைய வீதிகள் சாதாரண வண்டிகளுக்கு அடைக்கப்படும். யூலை, ஓகஸ்ட் மாதங்களிற் கூட்டம் மிகும். யூன் மாதத்தில் இளங்கன்றுகள் தாயருகே துள்ளும். செப்டெம்பரில் எல்க் என்னும் பெருமான்கள் துணை தேடி எழுப்பும் கூவல் பள்ளத்தாக்கெங்கும் ஒலிக்கும். இவ்விரு மாதங்களுள் ஒன்றைத் தெரிதல் நன்று. பூங்காவினுள்ளேயுள்ள விடுதிகளிற் பல மாதங்களுக்கு முன்னரே இடம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

சோல்ற் லேக் சிற்றி நகரில் விமானத்தால் இறங்கி, வண்டியொன்றை வாடகைக்குப் பெற்று வடக்கே ஏறத்தாழ 275 மைல் சென்றால் ஜக்சன் என்னும் சிற்றூரை அடையலாம். நம் நாட்டுச் சாரதிகள் ஒன்றை மறத்தலாகாது: அங்கு வண்டிகள் வீதியின் வலப்புறமாகவே செல்லும். தூரமும் வேகமும் மைலிலேயே குறிக்கப்பட்டிருக்கும்.

ஜக்சனுக்கு வடக்கே தொடங்குவது கிராண்ட் ரீற்றன் தேசியப் பூங்கா. அடிவாரக் குன்றுகள் எவையுமின்றி, சமவெளியிலிருந்து மதில் எழுந்தாற்போல் மலைகள் ஓங்கி நிற்கும். தலைச்சிகரத்தின் உயரம் 13,775 அடி. 1929 இல் இப்பூங்கா அமைக்கப்பட்டபோது மலைகளும் அவற்றின் அடியிலுள்ள ஏரிகளுமே அதனுட் சேர்ந்தன. எதிரேயுள்ள பள்ளத்தாக்கு விலைபோய்ச் சீரழியுமென அஞ்சிய செல்வர் ஜோன் டி. றொக்கபெல்லரின் மைந்தர், தமது பெயரை வெளியிடாது, ஒரு கம்பனியின் மூலம் அந்நிலங்களை வாங்கினார். பின்னர் 30,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை அவர் நாட்டுக்கு ஈந்தார். 1950 இல் அவையும் பூங்காவுடன் இணைந்தன. இங்கு ஒரு நாளேனும் தங்குதல் வேண்டும்.

அங்கிருந்து வடக்கே சென்றால் யெலோஸ்ரோன். எட்டு என்ற இலக்கத்தின் வடிவில் 142 மைல் நீளமான வட்டவீதி அதனுள்ளே ஓடுகிறது. ஒரே நாளிற் சுற்றிவிடலாமெனத் தோன்றும். அது வீதியைக் கண்டதாகுமேயன்றி நாட்டைக் கண்டதாகாது. மூன்று நாட்களை ஒதுக்குதல் தகும். நிலத்தடியில் உருகிய பாறையின் வெப்பம் தேங்கியிருப்பதால், கொதியூற்றுக்களும் சேற்றுக் குழிகளும் ஆவித்துளைகளுமாக 10,000 இற்கு மேற்பட்டவை அங்குண்டு. உலகிலுள்ள பீச்சூற்றுக்களில் ஏறக்குறைய அரைவாசி அங்கேயே உள்ளன. ‘ஓல்ட் பெய்த்புல்’ என்னும் பீச்சூற்று சுமார் ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை வானை நோக்கி எழுகின்றது. மாணவர்கள் இன்னொன்றையும் அறிதல் வேண்டும். 1966 இல் இங்குள்ள வெந்நீரூற்றொன்றிலிருந்து தோமஸ் புறொக் என்னும் ஆய்வாளரும் அவர்தம் மாணவரும் வெப்பத்தில் வாழும் ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தனர். அதிலிருந்து பெற்ற நொதியமே, மரபணுவைப் பன்மடங்கு பெருக்கி ஆராயும் முறைக்குப் பிற்காலத்தில் உதவிற்று.

ஊற்றுக்களின் வண்ணங் கண்டு மரப்பாதையை விட்டு இறங்குதல் கூடாது. மெல்லிய மேலோட்டின் கீழே கொதிநீர் இருக்கும். யெலோஸ்ரோனில் மனிதரைக் காயப்படுத்தியும் கொன்றும் வந்த இயற்கைப் பொருள்களுள் முதலிடம் வெந்நீரூற்றுக்கே உரியது, கரடிக்கன்று.

விலங்குகளைக் காண வைகறையிலும் மாலையிலும் லமார், ஹெய்டன் என்னும் பள்ளத்தாக்குகளுக்குச் செல்லுதல் வேண்டும். அங்கு மேயும் காட்டெருதுகளின் வரலாறு நெஞ்சை உருக்குவது. கோடிக்கணக்கில் வாழ்ந்த அவ்வினம் வேட்டையால் அழிந்து, 1902 இல் யெலோஸ்ரோனில் இரண்டு டசின் அளவே எஞ்சிற்று. காத்து வளர்த்ததன் பயனாக இன்று ஆயிரக்கணக்கில் உலவுகின்றன. ஓநாய்களையோ அரசாங்கமே கொல்வித்தது. 1926 அளவில் அவை அங்கு அற்றொழிந்தன. தம்மை வேட்டையாடுவார் குறைந்தமையால் எல்க் மான்கள் பெருகி இளமரங்களை மேய்ந்தன. 1995, 1996 ஆகிய ஆண்டுகளிற் கனடாவிலிருந்து 31 ஓநாய்கள் கொணரப்பட்டன. அவற்றின் வழித்தோன்றல்களின் ஊளையை இன்று கேட்கலாம். மரங்கள் மீளத் தழைத்தமைக்கு ஓநாய்கள் எவ்வளவு காரணம் என்பது பற்றி அறிஞரிடையே இன்றும் விவாதம் நடக்கின்றது.

இவ்வுயிர்களுக்கு இன்று ஊறு விளைப்பது பகைமை மட்டுமன்று, அறியாத அன்புந்தான். முற்காலத்தில் உல்லாசப் பயணிகள் வண்டியின் சாளரத்தினூடே கரடிகளுக்குத் தின்பண்டம் நீட்டிவந்தனர். 1931 முதல் 1969 வரை ஆண்டுதோறும் சராசரியாக 48 பேர் கரடிகளாற் காயமுற்றனர்; பழகிப்போன கரடிகளும் கொல்லப்பட்டன. 2016 மே மாதத்தில், குளிரில் நடுங்குகிறதென எண்ணிச் சில பயணிகள் பிறந்து சின்னாளேயான காட்டெருதுக் கன்றொன்றைத் தம் வண்டியில் ஏற்றிச் சென்றனர். மந்தை அதனை மீண்டும் ஏற்க மறுத்தது. ஈற்றில் அதனைக் கொல்லவே நேர்ந்தது. கதிர்காம வீதியிற் காட்டியானைக்கு வாழைப்பழம் நீட்டும் நமக்கும் இதிற் பாடமுண்டு. கரடி, ஓநாய் முதலியவற்றுக்கு 100 யார், ஏனைய விலங்குகளுக்கு 25 யார் விலகி நிற்றல் அங்கு சட்டம். ஆகவே நல்லதொரு தொலைநோக்குக் கண்ணாடி இன்றியமையாதது. நடைபாதைகளிற் செல்வோர் கரடியைத் தடுக்கும் மிளகாய்த் தெளிப்பானையும் கொண்டுசெல்வர். அதனை விமானத்தில் ஏற்ற முடியாதாகையால் அங்கேயே பெற்றுக்கொள்ள வேண்டும்.

திரும்பும்போது வடகிழக்கு வாயிலால் வெளியேறி, ‘கரடிப்பல்’ எனப் பொருள்படும் பெயார்ரூத் நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம். 1936 இல் திறக்கப்பெற்ற இச்சாலை 10,947 அடி உயரம்வரை ஏறிச் செல்கின்றது. வழமையாக மே இறுதி முதல் ஒக்டோபர் நடுப்பகுதி வரையே திறந்திருக்கும். கோடையிலும் பனி பெய்வதுண்டு. றெட் லொட்ஜ் என்னும் ஊரில் இறங்கினால், அங்கிருந்து 60 மைல் தொலைவிலுள்ள பில்லிங்ஸ் நகரில் விமானமேறலாம். ஓரிடத்திற் பெற்ற வண்டியை வேறிடத்தில் ஒப்படைப்பதற்குப் பெரும்பாலும் மேலதிகக் கட்டணம் உண்டென்பதை முன்னரே விசாரித்தறிக.

பூங்காவின் பல இடங்களிற் கைத்தொலைபேசி இயங்காது. கடதாசியில் அச்சிட்ட தேசப்படம் கையிலிருக்கட்டும். பெற்றோலை இடையிடையே நிரப்பிக்கொள்க. உச்ச வேகம் மணிக்கு 45 மைல் என்று பலகை கூறினும், அந்த வேகத்திற் செல்ல முடியுமெனக் கணக்கிடாதீர்கள். காட்டெருதுக் கூட்டம் வீதியைக் கடக்கத் தொடங்கினால், கன்றும் கிழமுமாக அனைத்தும் கடந்து முடியும்வரை வண்டிகள் வரிசையாக நிற்கும். அங்கு முன்னுரிமை அவற்றுக்கே. அக்காத்திருப்புக்கென நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்தைத் திட்டத்திற் சேர்த்துக்கொள்க. ஊர் திரும்பியபின் பிள்ளைகள் முதலிற் சொல்லப்போகும் கதை பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.