இயர்போன் விற்கும் மளிகைக் கடைக்காரர் கவனத்திற்கு

நமது போடி நகரிலும், மலை ஏறும் வழியிலுள்ள ஊர்களிலும் இன்று பல மளிகைக் கடைகளில் ஷாம்புச் சரத்துக்குப் பக்கத்திலேயே இயர்போன் அட்டைகளும் தொங்குகின்றன. விடியற்காலையில் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள்தான் இதைப் பெரும்பாலும் வாங்குகிறார்கள். பருப்பை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்து வாங்கும் நாம், இந்தச் சரக்கை மட்டும் அட்டையின் பளபளப்பைப் பார்த்து வாங்கிவிடுகிறோம். நானும் அப்படித்தான் வாங்கி ஏமாந்தேன். அதைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மதுரையில் ஒரு மொத்தக் கடையில் நூறு உருப்படி கொண்ட ஒரு பெட்டி வாங்கி வந்தேன். அடக்க விலை மலிவு, லாபம் இரட்டிப்பு என்று மனக்கணக்குப் போட்டேன். ஒரு மாதத்துக்குள் பத்துப் பதினைந்து பேர் திருப்பிக் கொண்டு வந்துவிட்டார்கள். அதில் ஒரு பெண், காய் எடுக்கப் போகிறவர், சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "அண்ணாச்சி, பாட்டு கேக்குது, இல்லேங்கல. ஆனா தகரக் கொட்டாயில மழை பெய்யற மாதிரி இருக்கு. அரை நாள் கூலி போச்சு." நான், "வேற எடுத்துக்க தாயி" என்று மாற்றிக் கொடுத்தேன். அதுவும் அதே பெட்டிச் சரக்குதானே! மூன்றாம் நாள் அதுவும் திரும்பி வந்தது. அவர் பணத்தைக் கேட்கவில்லை. ஆனால் அடுத்த மாதத்திலிருந்து பலசரக்கையும் வேறு கடையில் வாங்க ஆரம்பித்தார். நூறு ரூபாய்ச் சரக்கால் மாதம் மூவாயிரம் ரூபாய் வியாபாரம் போனது.

அதன் பிறகுதான் இந்தச் சரக்கைப் பற்றி விசாரித்து அறிந்தேன். ஏலக்காயை மதிப்பிடத் தெரிந்த எவரும் இயர்போனையும் மதிப்பிடலாம் என்பதே நான் கண்ட உண்மை.

அட்டையில் இருப்பதை எவ்வளவு நம்பலாம்?

முதலில் எல்லா அட்டையிலும் "20 - 20,000 ஹெர்ட்ஸ்" என்று போட்டிருக்கும். மனிதக் காது கேட்கக்கூடிய எல்லை அது. அந்த எல்லைக்குள் எந்த ஒலி தூக்கலாகவும் எந்த ஒலி அமுங்கியும் வருகிறது என்பதை அந்த எண் சொல்லாது. நல்ல சரக்கிலும் மட்டச் சரக்கிலும் அதே எண்தான் இருக்கும்.

அடுத்தது "10 எம்.எம். டிரைவர்" என்பது. டிரைவர் என்பது உள்ளே இருக்கும் குட்டி ஸ்பீக்கர். அது பெரிதாக இருந்தால் ஒலியும் சிறப்பாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நமக்குத் தெரியாததா? 8 எம்.எம். காய் என்று சல்லடையில் நின்றாலும், லிட்டர் எடை போட்டுப் பார்த்தால் சில சமயம் காய் சொத்தையாக இருக்கும். டிரைவரும் அப்படியே. அளவைக் காட்டிலும், அதை எப்படிச் சீர்செய்து அமைத்திருக்கிறார்கள் என்பதே முக்கியம்.

"16 ஓம்", "32 ஓம்" என்பதும், டெசிபல் கணக்கில் போட்டிருக்கும் சென்சிட்டிவிட்டி என்பதும் எவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்பதற்கான குறிப்புகள். ஓம் குறைவாகவும் டெசிபல் அதிகமாகவும் இருந்தால் சாதாரண போனிலேயே நல்ல சத்தம் வரும். சத்தம் வேறு, தரம் வேறு என்பதை மறக்க வேண்டாம்.

விலையாவது தரத்தைச் சொல்லுமா? 2017-இல் ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களை அளந்து பார்த்து, அமெரிக்க ஒலியியல் கழகத்தின் இதழில் முடிவை வெளியிட்டார். எந்த ஒலி எவ்வளவு வருகிறது என்ற அளவுக்கும் கடை விலைக்கும் தொடர்பே இல்லை என்பதுதான் அவர் கண்டது. விலை கூடினால் வயர், பிளாஸ்டிக், உழைப்பு ஆகியவை கூடலாம். ஒலியும் கூடும் என்று சொல்ல முடியாது. 2022-இல் சீனாவிலிருந்து வந்த 'மூன்டிராப் சூ', '7ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ' ஆகியவை ஏறத்தாழ 20 டாலர் விலையிலேயே, பல மடங்கு விலையுள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பாராட்டப்பட்டன. இதில் ஜீரோவின் வயரைத் தனியே கழற்றி மாற்றலாம். வயர் அறுந்தால் முழுச் சரக்கும் குப்பைக்குப் போகாது.

காது ரப்பரின் மகிமை

காதுக்குள் செருகும் இயர்போனில் பாதித் தரம் அந்தச் சிறு ரப்பரில் இருக்கிறது. ரப்பர் காதுத் துளையை இடைவெளி இல்லாமல் அடைத்தால்தான் பேஸ் எனப்படும் கீழ் ஒலி நிற்கும். சிறிது இடைவெளி இருந்தாலும் கீழ் ஒலி முழுவதும் கசிந்துபோய், வெறும் கீச்சொலி மட்டும் மிஞ்சும். தகரக் கொட்டாய் மழை என்று அந்தப் பெண் சொன்னதில் பாதிக் குற்றம் இதுவாகவே இருந்திருக்கலாம். பெட்டியில் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவு ரப்பர்கள் வரும். நடுத்தரம் மாட்டியே வரும், மற்றவை பிரிக்காமலே கிடக்கும். பெண்கள் பலருக்குச் சிறிய ரப்பர்தான் பொருந்தும். விற்கும்போதே மாற்றிப் போட்டுக் காட்டுங்கள். இதற்குக் காசு செலவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

ஏலத்தில் தட்டில் வரும் மாதிரிக் காயைப் பிளந்து, முகர்ந்து பார்க்காமல் நாம் விலை கேட்பதில்லை. அதுபோல மொத்தமாக எடுக்குமுன் ஒவ்வொரு ரகத்திலும் ஒன்று மாதிரி வாங்கி வாருங்கள். பிறகு ஒரே போன், ஒரே பாட்டு, ஒரே சத்தம் என்று வைத்துக் கேளுங்கள். சத்தத்தைச் சமமாக வைப்பது மிக முக்கியம். சத்தம் சற்றுக் கூடுதலாக உள்ளது எதுவோ அதுவே நல்லது என்று நமது காது ஏமாந்துவிடும்.

எந்தப் பாட்டு? நமது மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா இருக்கையில் வேறெங்கும் தேட வேண்டாம். அவர் பாடல்களில் பேஸ் கிதார் தனியாக ஒரு வழியில் நடந்துகொண்டே இருக்கும். நல்ல இயர்போனில் அதன் ஒவ்வொரு தட்டும் எண்ணிப் பார்க்கும்படி தனித்துக் கேட்கும். மட்டமானதில் அது வெறும் 'தும் தும்' என்ற இரைச்சலாகிப் பாடகர் குரலையும் மூடிவிடும். அவரது 1986-ஆம் ஆண்டு 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பில் வயலின்கள் பல சேர்ந்து வரும். அவை காதைக் குத்தாமல் பிரிந்து கேட்கின்றனவா என்று பாருங்கள். கடைசியாக ஒரு பேச்சு அல்லது செய்தி வாசிப்பைக் கேளுங்கள். குரல் தெரிந்தவர் குரல் போலவே இருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. வயது ஏற ஏற மெல்லிய உச்ச ஒலிகள் காதுக்கு எட்டுவதில்லை. அறுபதைத் தாண்டிய நான் தனியாக முடிவு செய்வதில்லை. பேரனையும் கேட்கச் சொல்கிறேன். நான் 'இதமாக இருக்கிறது' என்று வைத்த ஒன்றை அவன் 'காது கூசுது தாத்தா' என்று தள்ளினான். அவன் சொன்னதே சரியாக இருந்தது.

எந்த ரகம் எத்தனை வைப்பது? ஹார்மன் நிறுவனத்தில் சான் ஆலிவ் குழுவினர் நடத்திய ஆய்வுகளில், கேட்போரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் எல்லா ஒலியும் சமன்பட்ட ஒரே வகை ஒலியை விரும்பினார்கள். மீதிப் பேரில் சிலர் கூடுதல் பேஸையும் சிலர் குறைந்த பேஸையும் விரும்பினார்கள். ஆகவே சமனான ரகத்தைக் கூடுதலாகவும், 'பேஸ்' என்ற பெயரோடு வரும் ரகத்தை அளவோடும் வைத்தால் சரக்குத் தேங்காது.

சட்டமும் கவனிக்க வேண்டியது

பிரபல பெயரைப் போட்ட போலிச் சரக்கு மலிவாக வரும். தொடாதீர்கள். 1999-ஆம் ஆண்டு வணிகக் குறியீடுகள் சட்டப்படி, போலிக் குறியுள்ள சரக்கை விற்பவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பெட்டியில் அதிகபட்ச விலை, இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டுச் சரக்கு என்பவை இருக்க வேண்டும். வயர் இல்லாத புளூடூத் ரகங்களுக்கு பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம். 'ஆர்' என்று தொடங்கும் அந்த எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். ஜி.எஸ்.டி. 18 சதவீதம். பில் இல்லாமல் வாங்கினால் மாற்றிக் கேட்க வழியே இல்லை.

டைப்-சி பின் உள்ளவற்றில் உள்ளே சிப் உள்ளது, இல்லாதது என இரு வகை உண்டு. சிப் இல்லாதது சில போன்களில் மட்டுமே பாடும். வாங்குபவரின் போனிலேயே செருகிக் காட்டிவிட்டுப் பணம் வாங்குங்கள். சோதிக்கும் மாதிரியின் ரப்பரை ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும்.

வாடிக்கையாளரின் காது

கடைசியாகச் சொல்வது லாபக் கணக்கில் வராது, ஆனால் இதுவே பெரியது. வாரத்துக்கு 80 டெசிபல் அளவில் 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதுவே 90 டெசிபல் ஆனால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். காது மந்தமானால் திரும்ப வராது. ஜீப் இரைச்சலில் பாட்டுக் கேட்க வேண்டுமென்று சத்தத்தை முழுவதும் ஏற்றிவிடுகிறார்கள். ரப்பர் சரியாகப் பொருந்தினால் வெளி இரைச்சல் குறையும், சத்தத்தை ஏற்ற வேண்டிய தேவையும் குறையும். போனில் சத்தம் 60 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். மெட்டுச் சாலையில் நடக்கும்போது காதிலிருந்து கழற்றிவிடும்படியும் சொல்லுங்கள். வளைவில் வரும் வண்டியின் ஹாரன் காதில் விழ வேண்டும்.

இப்போது என் கடையில் மூன்றே ரகங்கள்தான் இருக்கின்றன. மூன்றையும் கேட்டுப் பார்த்துத்தான் எடுத்தேன். திரும்பி வருவது அபூர்வம். கூலிக் காசில் வாங்குபவர் நமது சொல்லை நம்பித்தான் வாங்குகிறார். அந்த நம்பிக்கைக்கு உரிய சரக்கையே கொடுக்க வேண்டும் என்று சக வணிகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.