பாட்டி படமும் பரண் பெட்டியும்: எந்த ஸ்கேனர் வாங்கலாம்?

பரணில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் பழைய போட்டோக்கள். பழுப்பு உறைகளில் நெகடிவ் துண்டுகள்.

பல வீடுகளில் இந்தச் சொத்து உண்டு. ஆனால், அதற்குப் பகைவர்களும் உண்டு. ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். கரையான் அரிக்கும். 2015-ம் ஆண்டு டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்தபோது, வீட்டுச் சாமான்களோடு கல்யாண ஆல்பங்களும் நனைந்து போயின.

பீரோ போனால் வேறு பீரோ வாங்கலாம். போட்டோ போனால்?

எங்கள் வீட்டில் என் பாட்டியின் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தோம். சுவர் ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரதி எடுப்பதற்காக நான் அதைப் பிரித்தேன். நெற்றியும் ஒரு கண்ணும் கண்ணாடியோடு போய்விட்டன!

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கண்ணாடியை மட்டும் துணியில் சுற்றி எடுத்து வைத்தார்.

அன்று எனக்குத் தெரியாததை இங்கே எழுதுகிறேன்.

முதல் படம் யாருடையது?

ஸ்கேனர் என்பது படத்தின் மேல் ஒளியைச் செலுத்தி, அதைப் புள்ளி புள்ளியாகக் கம்ப்யூட்டரில் பதிவு செய்யும் கருவி.

1957-ம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ரஸ்ஸல் கிர்ஷ் கம்ப்யூட்டருக்குள் ஒரு போட்டோவை ஏற்றினார். யார் படம் தெரியுமா? பிறந்து 3 மாதமே ஆன அவருடைய மகனின் படம்!

அதில் இருந்தவை 30,976 புள்ளிகள்தான். இன்று 4 அங்குல அகலமும் 6 அங்குல நீளமும் உள்ள போட்டோவை, அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் எடுத்தால் 86 லட்சம் புள்ளிகள் கிடைக்கும்.

முதலில் பெட்டியைப் பாருங்கள்

கடைக்குப் போகும் முன் உங்கள் பெட்டியைத் திறந்து பாருங்கள். போட்டோ மட்டும் இருக்கிறதா? நெகடிவும் இருக்கிறதா?

போட்டோ மட்டும் என்றால், படத்தைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைக்கும் தட்டை ஸ்கேனர் போதும். அதில் 2 வகை உண்டு.

சி.ஐ.எஸ். வகை மெல்லியது, விலை குறைவு. ஆனால், படம் அதன் கண்ணாடியில் நன்றாகப் படிய வேண்டும். சற்றுத் தூக்கி நின்றாலும் மங்கலாகிவிடும்.

சி.சி.டி. வகை கொஞ்சம் கனமானது. சுருண்ட படத்தையும், கண்ணாடியில் ஒட்டிய படத்தையும் அது தெளிவாக எடுக்கும். ஒட்டிய படத்தைப் பிரிக்காதீர்கள்! சட்டத்தை மட்டும் கழற்றி, கண்ணாடியோடு வைத்து எடுங்கள்.

உருளைக்குள் தாளை இழுக்கும் ஸ்கேனரில் பழைய படங்களைப் போட வேண்டாம். சிக்கினால் கிழிந்துவிடும்.

நெகடிவுக்கு மேல் விளக்கு

நெகடிவுக்குள் ஒளி ஊடுருவ வேண்டும். ஆகவே, ஸ்கேனரின் மூடியிலும் விளக்கு இருக்க வேண்டும். அது இல்லாத ஸ்கேனர் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் நெகடிவுக்கு உதவாது.

நெகடிவை வைக்கும் சட்டத்தையும் கேட்டு வாங்குங்கள். 35 மில்லி மீட்டர் பிலிமுக்கு மட்டும் ஆன கருவியில், அந்தக் கால ஸ்டூடியோக்களின் அகலமான 120 பிலிம் நுழையாது.

எண்ணைக் கண்டு ஏமாறாதீர்கள்

விளம்பரத்தில் பெரிய எண் போட்டிருப்பார்கள். 'ஆப்டிகல்' அளவு எவ்வளவு என்று கேளுங்கள். அதுதான் கருவி உண்மையில் பார்க்கும் அளவு. அதற்கு மேல் உள்ளவை கணக்குப் போட்டுச் சேர்த்த புள்ளிகள்.

போட்டோவுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி போதும். பெரிதாக்க விரும்பினால் 600. 35 மில்லி மீட்டர் நெகடிவ் மிகச் சிறியது. அதற்கு 2,400 முதல் 3,200 வரை வேண்டும்.

தூசியைத் தானே நீக்கும் வசதி சில ஸ்கேனர்களில் உண்டு. கலர் நெகடிவுக்கு அது நல்லது. சாதாரண கறுப்பு-வெள்ளை நெகடிவுக்குப் பயன்படாது. அதில் உள்ள வெள்ளியையே தூசி என்று எண்ணிவிடும்! மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு எடுங்கள்.

வாங்கத்தான் வேண்டுமா?

இருப்பது 40, 50 படம்தான் என்றால் ஸ்டூடியோவில் கொடுத்தே எடுக்கலாம். நிறைய இருந்தால், அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஒரு ஸ்கேனர் வாங்கி, வீடு வீடாக மாற்றிக்கொள்ளலாம்.

எடுத்த படங்களை 2 இடங்களில் பதிந்து வையுங்கள். பழைய படத்தையும் நெகடிவையும் எறிந்துவிடாதீர்கள்.

படம் எடுக்கும்போது வீட்டுப் பெரியவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். "இது யார்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெயரைச் சொல்ல எந்த ஸ்கேனருக்கும் தெரியாது.

என் பாட்டியின் நெற்றியை இனி எந்தக் கருவியாலும் திருப்பித் தர முடியாது. உங்கள் பாட்டியின் படம் இன்னும் முழுதாக இருக்கிறதா? இன்று ஞாயிற்றுக்கிழமைதானே! பெட்டியைக் கீழே இறக்குங்கள்.