கொக்கி ஊசிக்கும் கூலிக் கணக்கு உண்டு

தீபாவளி நெருங்கினால் மலாக்காவின் ஜாசின், மெர்லிமாவ், அலோர்காஜா வட்டாரத்து வீடுகளில் இரண்டு பேச்சு கிளம்பும். முறுக்குக்கு யார் வீட்டில் மாவு பிசைவது என்பது ஒன்று. “சும்மா இருக்கிற நேரத்தில் நாலு பை, நாலு தோரணம் பின்னி விற்றால் செலவுக்கு ஆகுமே” என்பது மற்றொன்று. கொக்கி ஊசியும் நூலும் இருந்தால் போதும், கடை வாடகை இல்லை, பிள்ளையைப் பார்த்துக்கொண்டே செய்யலாம், குரோஷே போலப் பெண்களுக்குத் தோதான கைத்தொழில் வேறில்லை என்று சொல்லாதவர் இல்லை. அதில் பாதியை ஒப்புக்கொள்ளலாம். வீட்டுக்கும் பண்டிகைக்கும் குரோஷே அருமையான வேலைதான். ஆனால் விலை வைத்து விற்பதென்று வந்துவிட்டால், கைக்குப் பிடித்த நேரத்தைக் கணக்கில் ஏற்றியே விற்க வேண்டும். அந்தக் கணக்கு கட்டாத பொருளைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவதைவிட, மனதுக்கு வேண்டியவர்களுக்குச் சும்மா கொடுப்பது மேல் என்பது என் கட்சி.

இதற்கு முதல் காரணம் குரோஷேயின் இயல்பிலேயே இருக்கிறது. ஊசிப் பின்னலுக்கு, அதாவது ஸ்வெட்டர் வகைத் துணிக்கு, ஆலையில் இயந்திரம் உண்டு. குரோஷேயை அப்படியே போடுகிற ஆலை இயந்திரம் இன்றுவரை இல்லை. ஆய்வுக்கூட முயற்சிகள் மட்டுமே உண்டு. குரோஷே போலத் தோன்றும் லேஸை இயந்திரம் நெய்துவிடும், ஆனால் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே முடித்துப் போகும் உண்மையான குரோஷே கையில்தான் பிறக்க வேண்டும். எனவே ஜோங்கர் வீதி இரவுச் சந்தையில் பதினைந்து வெள்ளிக்குத் தொங்கும் குரோஷே பையையும் எங்கோ ஒருவர் மணிக்கணக்கில் குனிந்து பின்னியிருக்கிறார். விலை மலிவாக இருக்கிறதென்றால் மலிந்து போனது அவருடைய நேரம்தான். நம் ஊர்க் கணக்கில் பார்ப்போம். 2025 முதல் மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரத்துக்கு 45 மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி 72 காசு வரும். உணவகத்தில் தட்டு கழுவுகிறவருக்கும் சட்டப்படி உள்ள கூலி இது. பல வருடம் பழகிய கைக்கு இதற்கும் கீழே மதிப்புப் போடுவதற்கு என்ன நியாயம்?

பின்னல் வேலையைப் ‘பொழுதுபோக்கு’ என்று பெயரிட்டு அதன் கூலியை அமுக்குவது இன்று நேற்று நடப்பதல்ல. நாகர்கோவிலில் 1820களில் லண்டன் மிஷன் பாதிரிமாரின் மனைவிமார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுத்தந்தார்கள். குரோஷே அல்ல, தலையணைமேல் பின்னும் லேஸ். அடிமைப்பட்டிருந்த பெண்கள் அந்த வருமானத்தைக் கொண்டு தங்களை மீட்டுக்கொள்ள முடிந்தது என்பது திருவிதாங்கூர் வரலாற்றில் பதிவான செய்தி. கை வேலைக்குக் காசு வந்தால் வாழ்க்கையே திரும்பும் என்பதற்கு அது சாட்சி. மறுபக்கத்துக்கு ஆந்திராவின் நரசாப்பூர் சாட்சி. அங்கும் மிஷனரிகள் வழியாகவே 19ஆம் நூற்றாண்டில் குரோஷே லேஸ் வந்தது, பெரிய ஏற்றுமதித் தொழிலாகவும் வளர்ந்தது. மரியா மீஸ் என்ற ஜெர்மானியச் சமூகவியலாளர் 1970களின் இறுதியில் அங்கே ஆய்வு செய்து 1982இல் நூலாக வெளியிட்டார். பெண்கள் நாளொன்றுக்கு ஆறேழு மணி நேரம் பின்னினார்கள். கைக்கு வந்ததோ குறைந்தபட்சக் கூலிக்கு வெகு கீழே. லாபம் வியாபாரிகளுக்குப் போனது. ஏனென்று கேட்டால், அவர்கள் தொழிலாளிகள் அல்ல, ஓய்வு நேரத்தில் பின்னும் குடும்பப் பெண்கள் என்று பதில் இருந்தது. வேலை ஒன்றுதான், கணக்கு வைத்த இடத்தில் அது விடுதலைக்கு உதவியது, வைக்காத இடத்தில் சுரண்டலுக்கு உதவியது.

மலாக்காத் தமிழருக்கு இந்தக் கணக்கு புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. டான் சே யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்ட காலம் தொட்டு, இந்த மாநிலத்துத் தோட்டங்களில் மரம் வெட்டியவர்களின் பாலை நிறுத்துத்தான் கணக்கெழுதினார்கள். தண்ணீர் கலந்திருக்கிறதா, காய்ந்தால் எவ்வளவு தேறும் என்பதுவரை பார்த்தார்கள். பெண்கள் வாளியோடு வரிசையில் நின்று, கிராணி எழுதுகிற எண்ணைக் கண்கொட்டாமல் பார்த்தார்கள். அதே பெண் மத்தியானம் லயத்து வாசலில் உட்கார்ந்து கை வேலை செய்தால் அதை எழுதி வைக்கக் கிராணி இல்லை. தோட்டம் துண்டாகி, செம்பனையாகி, வீடமைப்புத் திட்டமாகிப் பலரும் பட்டணத்துக்கு வந்த பிறகும் கை வேலையைக் கணக்கில் எழுதாத பழக்கம் மட்டும் மாறவில்லை. கல்லெறி தூரத்தில் வேறொரு கதை நடக்கிறது, அதையும் கவனிக்க வேண்டும். மலாக்கா நகரத்தில் நியோன்யா எனப்படும் பெரனாக்கான் சீனப் பெண்களின் மணித்தையல் காலணி, அந்தக் ‘காசுட் மானிக்’, பல நூறு வெள்ளிக்கு விற்கிறது. வாங்குகிறவர் முகம் சுளிப்பதில்லை. ஒரு ஜோடிக்கு எத்தனை நாள் பிடிக்கும் என்பதைக் கடைக்காரர் முதலிலேயே சொல்லிவிடுவதால், நேரமே அங்கு விலைக்குக் காரணமாக நிற்கிறது.

இப்போது ஒரு தோரணத்தை எடுத்துக்கொண்டு நம் கணக்கைப் பார்ப்போம். மில்க் காட்டன் என்று கடையில் கிடைக்கும் பருத்திக் கலப்பு நூல், 3 மில்லிமீட்டர் ஊசி. பதினாறு சங்கிலி போடுங்கள். ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் ஒரு நழுவல் பின்னல், அடுத்ததில் ஒற்றைப் பின்னல், அடுத்த இரண்டில் அரை இரட்டை, பிறகு ஏழு கண்ணில் இரட்டைப் பின்னல், மறுபடி இரண்டு அரை இரட்டை, ஓர் ஒற்றை. கடைசிக் கண் ஒன்றிலேயே மூன்று ஒற்றைப் பின்னல் போட்டால் இலை திரும்பும். சங்கிலியின் மறு ஓரத்தில் அதே வரிசையைத் தலைகீழாகப் போட்டு வந்தால் 31 பின்னலில் விரல் நீளத்துக்கு ஒரு மாவிலை தயார். தொடக்கச் சங்கிலியை இறுக்கிவிட்டால் இலை படகுபோல் வளையும். சங்கிலிக்கு மட்டும் அரை அளவு பெரிய ஊசியை எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. வால் நூலை இலையின் நடுவில் இரண்டு திசையிலும் கோத்து மறைத்தபின்தான் வெட்ட வேண்டும். அப்படிக் கோக்காமல் வெட்டினால் முதல் சலவையில் அவிழும். கை பழகியவருக்கு ஓர் இலை பத்து நிமிடம். சாதாரண வாசலுக்குப் பதினோர் இலை, மேலே ஒரு கயிறு, நாலைந்து பூ, இணைப்பு வேலை எல்லாம் சேர்ந்தால் ஏறக்குறைய மூன்று மணி நேரம். கூலி 26 வெள்ளி, நூலையும் சேர்த்தால் 30க்கு மேல். பக்கத்துக் கடையின் நெகிழித் தோரணத்தோடு இது விலையில் போட்டி போட முடியாது, போடவும் கூடாது. அது ஒரு பண்டிகையில் வெளுக்கும். இது துவைத்து மடித்து வைத்தால் அடுத்த வருடமும் தொங்கும்.

மடித்து வைப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நம் ஊர் வெக்கைக்கும் ஈரக் காற்றுக்கும் கம்பளி நூல் ஒத்துவராது. நிமிர்ந்து நிற்கக் கஞ்சி போட்டால் பண்டிகை முடிந்ததும் அலசி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எறும்பும் பூஞ்சையும் பங்கு கேட்கும். குத்துவிளக்கடியிலும் சூடான சட்டிக்குக் கீழேயும் போடும் விரிப்புக்குச் சுத்தப் பருத்தி மட்டுமே. அக்ரிலிக் நூல் சூட்டில் உருகும். அதற்கு ஏற்ற இடம் பாத்திரம் தேய்க்கும் பஞ்சு, சாவிக்கொத்துப் பொம்மை. பின்னக் கற்கும்போது கவனிக்க வேண்டியது இன்னொன்று: பழைய பிரிட்டிஷ் புத்தகத்தில் ‘டபுள்’ என்று போட்டிருக்கும் பின்னல்தான் அமெரிக்க யூடியூப் காணொளியில் ‘சிங்கிள்’. பாட்டியிடம் பாதியும் கைப்பேசியில் மீதியும் கற்றவர்களின் கைப்பை தலையணை உறை அளவுக்கு வளர்வதற்கு இதுவே காரணம்.

சரி, வீட்டிலேயே இருக்கும் பெண்ணுக்குப் பத்து வெள்ளி கிடைத்தாலும் லாபம்தானே என்ற கேள்வி வரும். எளிதில் தள்ளக்கூடிய கேள்வி அல்ல. பிள்ளையை விட்டுவிட்டு ஆயர் குரோ தொழிற்சாலைக்கு மூன்று ஷிப்டும் போக முடியாதவருக்குக் கையில் வரும் பத்து வெள்ளியும் பெரிதுதான். ஆனால் ஒருவர் வைக்கும் விலை அவரோடு நிற்பதில்லை. கோயில் சந்தையில் ஒரு மேசையில் 12 வெள்ளிக்கு இறங்கிய தோரணத்தைப் பக்கத்து மேசைக்காரர் 30க்கு விற்க முடியாது. நரசாப்பூரில் கூலி எழாமல் போனதற்கு, அவர்கள் வீட்டுக்கு வீடு தனித்தனியே பின்னியதும் ஒரு காரணம். விலையைக் குறைப்பதற்கு முன் பொருளை மாற்றிப் பார்க்கலாம். அரை மணி நேரத்தில் முடியும் முடிக் கிளிப் பூவுக்கோ சாவிக்கொத்துக்கோ கூலியும் நூலும் சேர்த்து ஆறேழு வெள்ளி வைத்தால் வாங்குகிறவருக்கு உறுத்தாது. நூறு மணி நேரம் விழுங்கும் படுக்கை விரிப்புக்கு 872 வெள்ளி கூலி கேட்க நாக்கு கூசும். அதை மகள் கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். குரோஷே மல்லிகைச் சரம் பார்க்க அழகு, ஆனால் மொட்டுக்கு மொட்டு கை நின்று நின்று போகும். முழக் கணக்கில் விற்கப் போனால் கட்டவே கட்டாது.

கூலி சேர்த்த விலைக்கு யார் வாங்குவார் என்பது அடுத்த கேள்வி. எங்கும் கிடைக்கிற சூரியகாந்திப் பையையும் தவளைப் பொம்மையையும் பின்னிக்கொண்டு ஜோங்கர் வீதிக்குப் போனால் யாரும் வாங்கமாட்டார்கள் என்பதே பதில். மணித்தையல் காலணியின் விலை அதன் உழைப்பால் மட்டும் வந்ததல்ல, அந்த வடிவம் மலாக்காவுக்குரியது என்பதாலும் வந்தது. நம்மிடமும் அப்படி ஒன்று வாசலில் கிடக்கிறது, கோலம். குரோஷேயில் ஃபிலே என்றொரு முறை உண்டு. வெற்றுக் கட்டமும் நிறைந்த கட்டமுமாக வரைதாளைப் போலவே ஓடும். நேர்கோட்டில் அமையும் கட்டக் கோலங்களை அதில் அப்படியே இறக்கலாம். கோடு ஓடும் இடத்தில் நிறைகட்டம், மற்றது வெற்றுக் கட்டம். வளைந்தோடும் சிக்குக் கோலம் மட்டும் அதில் படியாது, படிக்கட்டாக உடைந்து தெரியும். தீபாவளித் தட்டுக்கு ஒரு கோல விரிப்பு என்றால் திறந்த இல்ல உபசரிப்புக்கு வரும் சீன, மலாய் நண்பர்களும் ‘இது எங்கே கிடைக்கும்’ என்று கேட்பார்கள்.

எல்லாவற்றையும் மணிக்கணக்கில் அளந்தால் கை வேலையின் இன்பம் போய்விடாதா என்பாரும் உண்டு. விற்பதற்கு மட்டுமே இந்த அளவுகோல். சென்னையில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ குழுவினர் 2016இல் 11,148.5 சதுர மீட்டர் குரோஷே போர்வை செய்து கின்னஸ் சாதனை படைத்தார்கள். பிறகு அதைப் பிரித்து ஏழைகளுக்குக் கொடுத்தார்கள். யாரும் கூலி கேட்கவில்லை, கேட்கத் தோன்றவுமில்லை. கொடை கொடையாகவே இருந்தது. கொடுப்பது போன்ற முகத்தோடு விற்பதுதான் சிக்கல். இன்பமும் குறையாமல் காசும் வர வேண்டுமென்றால் பொருளைவிடக் கைப்பழக்கத்தை விற்பது நல்லது. தமிழ்ப்பள்ளி மண்டபத்திலோ கோயில் கூடத்திலோ ஆறு பேருக்கு இரண்டு மணி நேர வகுப்பு, ஆளுக்குப் பதினைந்து வெள்ளி என்றால் 90 வெள்ளி. எந்தத் தோரணமும் மணிக்கு 45 வெள்ளி தராது. முதல் வகுப்புக்கு மேலே சொன்ன மாவிலை ஒன்றே போதும். சங்கிலி, நழுவல், ஒற்றை, அரை இரட்டை, இரட்டை என்று அடிப்படைப் பின்னல் ஐந்தும் அதிலேயே வந்துவிடுகின்றன.