வட இந்தியாவில் முதலில் குளிர், அடுத்து வெப்பம்: பிப்ரவரி வானிலை முன்னறிவிப்பு கூறுவது என்ன?

புதுடெல்லி: "அடுத்த இரு நாட்களில் குறைந்தபட்ச வெப்பநிலை 2 முதல் 3 டிகிரி செல்சியஸ் குறையும், அதன்பின் படிப்படியாக உயரும்." பஞ்சாப், ஹரியாணா, டெல்லி, ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களுக்கு இந்திய வானிலை ஆய்வு மையம் வெளியிடும் பிப்ரவரி மாத முன்னறிவிப்புகளில் இத்தகைய வாசகம் அடிக்கடி இடம்பெறும். இதில் குளிரைப் பற்றிய முதல் பகுதியே பெரும்பாலும் பேசப்படுகிறது. ஆனால், கோதுமை விவசாயிகள் கவலையுடன் கவனிப்பது இரண்டாம் பகுதியைத்தான்.

மேற்கத்திய இடையூறு

இந்த ஏற்ற இறக்கத்துக்குக் காரணம், மத்திய தரைக்கடல் பகுதியில் உருவாகி ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக இமயமலையை வந்தடையும் 'மேற்கத்திய இடையூறு' எனப்படும் காற்றழுத்தச் சலனமாகும். இது நெருங்கும்போது வானில் மேகங்கள் சூழ்கின்றன. தரையின் வெப்பம் வெளியேறுவதை அவை தடுப்பதால் இரவு வெப்பநிலை சற்று உயர்கிறது. மலைப் பகுதிகளில் பனிப்பொழிவும், சமவெளியில் லேசான மழையும் பெய்கின்றன.

இடையூறு கடந்து சென்றதும் வானம் தெளிவடைகிறது. பனி படர்ந்த மலைகளைத் தழுவி வரும் வடமேற்குக் காற்று சமவெளியில் வீசத் தொடங்குவதால், ஓரிரு நாட்கள் குளிர் அதிகரிக்கிறது. அக்காற்று வலுவிழந்ததும் வெப்பம் மீண்டும் ஏறுகிறது. பிப்ரவரியில் பகற்பொழுது நீண்டுகொண்டே செல்வதால், ஜனவரியைப் போல் குளிர் நீடிப்பதில்லை. அடுத்த இடையூறு வரத் தாமதமானால் வெப்பம் இயல்பைக் கடந்துவிடுகிறது.

இயல்பு அளவு முக்கியம்

சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரி அல்லது அதற்குக் கீழ் இருந்து, இயல்பைவிட 4.5 டிகிரிக்கு மேல் குறையும்போது 'குளிர் அலை' என அறிவிக்கப்படுகிறது. வெப்பநிலை 4 டிகிரி அல்லது அதற்கும் கீழே சென்றாலும் குளிர் அலையாகவே கருதப்படும். இந்த 'இயல்பு' நாளுக்கு நாள் மாறக்கூடியது. டெல்லியில் பகல் வெப்பநிலை 28 டிகிரி என்பது மார்ச் நடுப்பகுதியில் இயல்பை ஒட்டியது. பிப்ரவரி முதல் வாரத்திலோ அது இயல்பைவிட மிக அதிகம்.

கோதுமைக்கு ஏன் கவலை?

நவம்பரில் விதைக்கப்படும் கோதுமை, பிப்ரவரி இறுதியிலும் மார்ச் மாதத்திலும் பால் பிடித்து மணி முற்றும் நிலையை எட்டுகிறது. அப்போது வெப்பம் திடீரென உயர்ந்தால், பயிர் முன்கூட்டியே முதிர்ந்து மணிகள் சுருங்கி எடை குறைகின்றன.

கடந்த 2022-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், 1901-க்குப் பிந்தைய மிக அதிக சராசரி பகல் வெப்பநிலை நாட்டில் பதிவானது. அந்த ஆண்டில் 11.13 கோடி டன்னாக இருக்கும் என மத்திய அரசு மதிப்பிட்டிருந்த கோதுமை உற்பத்தி, பின்னர் 10.64 கோடி டன்னாகக் குறைத்து மதிப்பிடப்பட்டது. மே 13 அன்று கோதுமை ஏற்றுமதிக்குத் தடை விதிக்கப்பட்டது. 2023 பிப்ரவரியிலும் பகல் வெப்பம் அம்மாதத்துக்கான புதிய உச்சத்தைத் தொட்டதால், பயிர் நிலையைக் கண்காணிக்க மத்திய வேளாண் அமைச்சகம் குழு அமைத்தது.

விவசாயிகள் என்ன செய்யலாம்?

வெப்பம் உயரும் என்ற அறிவிப்பு வந்தால், மண்ணின் ஈரப்பதத்தைப் பார்த்து லேசாக நீர் பாய்ச்சுவது பயிரின் வெப்பத்தைத் தணிக்கும். பலத்த காற்று வீசும் நேரத்தில் நீர் பாய்ச்சினால் கதிர் கனத்த பயிர் சாய்ந்துவிடும் என்பதால், காற்று அடங்கிய மாலை வேளையே ஏற்றது. வானிலை மையத்தின் வேளாண் வானிலை ஆலோசனைகள் வாரந்தோறும் செவ்வாய், வெள்ளி ஆகிய இரு நாட்களில் மாவட்ட அளவில் வெளியிடப்படுகின்றன. முன்னறிவிப்புக்கும் வெப்பம் ஏறுவதற்கும் இடைப்பட்ட அந்தச் சில குளிர் நாட்களே விவசாயிக்குக் கிடைக்கும் அவகாசமாகும்.